பெயர் சொல்லாத முகங்கள்

பழைய இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டு இறுதிவரை கேட்டிருக்கிறீர்களா, மாணவர்களே? 1902-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், கல்கத்தா நகரில், கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியார் ஒரு பெரிய கூம்புக் குழலின் வாயருகே நின்று பாடினார். இலண்டனிலிருந்து வந்த கெய்ஸ்பர்க் என்பவர் அதனை மெழுகுத் தட்டில் பதிவு செய்தார். மூன்று நிமிடங்களுக்குள் இராகத்தையும் பாட்டையும் முடித்துக்கொண்ட அப்பாடகியார், ஊசி ஓய்வதற்கு முன்னே தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறினார். இது செருக்கு அன்று, தேவை. அத்தட்டுகள் கப்பலேறி ஜெர்மனி நாட்டின் ஹானோவர் நகருக்குச் சென்று அங்கேதான் அச்சாயின. பாட்டின் மொழியும் பாடியவரின் பெயரும் அறியாத அந்நாட்டுத் தொழிலாளர், எந்தத் தட்டில் எந்தப் பெயர்ச்சீட்டை ஒட்டுவது? ஆகவே தட்டே தன் பெயரைச் சொல்லுமாறு செய்தனர்.

கௌஹர் ஜானின் முகமும் நாடெங்கும் பரவியது. ஆஸ்திரியா நாட்டில் செய்து இந்தியாவில் விற்ற தீப்பெட்டிகளின்மேல் அவருடைய படம் இருந்தது, அஞ்சலட்டைகளிலும் இருந்தது. 1930-இல் அவர் மைசூரில் காலமானார். இன்று அவருடைய தட்டு ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்தால், அது யாருடையது என்பதை அத்தட்டே சொல்லிவிடும். படமோ வாய் திறவாது. பார்ப்பவர் அறிந்தாலன்றி அது வெறும் முகமே.

இதனை நான் புத்தகத்தில் படித்து உணரவில்லை. ஒரு தகரப் பெட்டியின் முன் அமர்ந்து உணர்ந்தேன். கும்பகோணத்தில் என் நண்பர் ஒருவர் வீட்டிற்கு அடுத்த வீட்டில், இரயில்வேயில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற இசையன்பர் ஒருவர் வாழ்ந்தார். அவர் மறைந்தபின், அயலூர்களில் வாழும் அவர் மக்கள் வீட்டை விற்க முனைந்தனர். பாத்திரங்களுக்கு விலை பேசியாயிற்று. பழைய காகிதம் எடுப்பவர் தராசோடு திண்ணையில் அமர்ந்திருந்தார். அவருக்குப் போக வேண்டிய பெட்டிகளில் ஒன்றை என் நண்பர் கேட்டு வாங்கிக்கொண்டார். அதனுள் ஏறத்தாழ 400 படங்கள் இருந்தன. அனைத்தும் பாடகர், வாத்தியக்காரர் படங்கள். பெயர் எழுதியிருந்தவை அறுபதுக்கும் குறைவு. இது நிகழ்ந்தது 2019-ஆம் ஆண்டில்.

அது முதல் சில மாதங்கள், ஞாயிறு மாலைதோறும் அந்த வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடினோம். நான் ஒருவன், அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஒருவர், நாகசுரக் குடும்பத்தில் பிறந்து ஆசிரியரானவர் ஒருவர், கூடத்தின் ஓரத்தில், நாற்காலியில் சாய்ந்தவாறு, என் நண்பரின் தாயார். அப்போது அவருக்கு அகவை தொண்ணூற்றொன்று. ஒவ்வொரு படமாகக் கைமாறும். ஒருவர் பெயர் சொல்வார், மற்றொருவர் மறுப்பார், மூன்றாமவர், தாம் கேட்ட கச்சேரி ஒன்றின் கதையைத் தொடங்குவார். காப்பி ஆறிப்போகும்.

பெயர்கள் ஏன் மறைந்தன என்பதை முதலில் ஆராய்ந்தோம். சென்னையில் 1938 ஜூன் 16-ஆம் நாளிலும், திருச்சியில் 1939 மே 16-ஆம் நாளிலும் அகில இந்திய வானொலியின் நிலையங்கள் தொடங்கின. அதுவரை சபைக்கோ கோயில் திருவிழாவுக்கோ நேரில் சென்று கேட்டவர்கள், முகம் காணாமல் குரலை மட்டும் கேட்கத் தொடங்கினார்கள். குரல் பழகியவுடன் முகத்தையும் காணும் ஆவல் பிறத்தல் இயல்பு. அந்த ஆவலை ஓரளவு தீர்த்தது நிலையத்தார் வெளியிட்ட 'வானொலி' என்னும் இதழ். நிகழ்ச்சி நிரலோடு கலைஞர் படங்களையும் அது வெளியிட்டு வந்தது. இன்று அவ்விதழ் இல்லை. நம் கணக்கர் அவ்விதழிலிருந்தும் வார இதழ்களிலிருந்தும் படங்களைக் கத்தரித்துத் தடித்த தாளில் ஒட்டியிருந்தார். ஒட்டும்போது அழகு கருதி, படத்தின் கீழிருந்த பெயர் வரியையும் சேர்த்துக் கத்தரித்துவிட்டார்! அவருக்குப் பெயர் வேண்டியதில்லை. முகங்கள் அனைத்தும் அவருக்கு உறவினர் முகங்கள் போன்றவை. தம் தாயின் படத்தின்கீழ் தாயின் பெயரை எழுதி வைப்பவர் யார்?

சில முகங்கள் உடனே விடை தந்தன. இரு மூக்கிலும் வைரம் பூண்ட எம். எஸ். சுப்புலட்சுமியாரை அறியாதவர் இல்லை. தோள்வரை தொங்கும் கேசம், வைரக் கடுக்கன், பட்டு ஜிப்பா என்றால் எம். கே. தியாகராஜ பாகவதர். குடுமியை விட்டுக் கிராப்பு வைத்து, ஷெர்வானி அணிந்து நாகசுரத்தோடு நிமிர்ந்து நிற்பவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை. வயலினின் தலையில் நான்கு முறுக்காணிகளுக்குப் பதிலாக ஏழு இருந்தால், அது மைசூர் சௌடையா தமக்கென அமைத்துக்கொண்ட ஏழு தந்தி வயலின். முகம் தெளிவாக இல்லாவிடினும் ஆளை அறியலாம்.

ஆனால் அடையாளங்களை நம்பியே பழகியவர்க்கு, அவை நீங்கியபோது கண் குருடாகிவிடுகிறது. 1937-ஆம் ஆண்டளவில் எடுத்த ஒரு படம் உண்டு. மேனாட்டு இரவு உடையணிந்த இளம் பெண்கள் இருவர், விரல்களிடையே சிகரெட்டை வைத்துக்கொண்டு விளையாட்டாக நிற்கிறார்கள். ஒருவர் எம். எஸ். சுப்புலட்சுமி, மற்றவர் வீணை தனம்மாளின் பேர்த்தியும் பரதக்கலையின் பேரரசியுமான பாலசரசுவதி. பாலசரசுவதியாரின் வாழ்க்கை வரலாற்று நூலில் 2010-இல் அது அச்சாகியுள்ளது. அதன் நகலை நான் காட்டியபோது அஞ்சலக நண்பர் கையை உதறிவிட்டார். "இவர்கள் அவர்கள் அல்லர்" என்றார். முகம் அவருக்குத் தெரியாமலில்லை; ஏற்க மனம் வரவில்லை. இருபது வயதை ஒட்டிய தோழியர் இருவரின் குறும்பு அது என்று கொண்டால் வருந்துவதற்கு அதில் யாதுமில்லை என்பது என் கருத்து. அவர் இன்றுவரை அதனை ஏற்கவில்லை.

வேறொரு தொல்லை நாடகத்தாலும் திரைப்படத்தாலும் விளைந்தது. பெட்டியில் இருந்த ஒரு படத்தில் தாடியும் சடைமுடியுமாக ஆண் துறவி ஒருவர் தோற்றம் கண்டோம். எவர் என்று ஒருவராலும் சொல்ல இயலவில்லை. அன்றைய திரைப்படங்களில் பாடவல்லவரே நடிக்க வேண்டியிருந்ததால், பெண்கள் ஆண் வேடம் பூணுதல் அரிதன்று. 1935-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள், அதில் வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1941-இல் 'சாவித்திரி' படத்தில் நாரதராக வந்தவர் எம். எஸ். சுப்புலட்சுமி. ஆகவே மீசை தாடி கண்டவுடன் ஆண் என்று முடிவு கட்டலாகாது என்று எங்களுக்குள் ஒரு விதி செய்துகொண்டோம். அந்தத் துறவி யார் என்பது மட்டும் இன்னும் துலங்கவில்லை.

சுந்தராம்பாளின் பெயரைச் சொல்லிவிட்டு உடனே மேலே செல்ல மனம் வரவில்லை. அவருடைய படங்களைக் காலமுறைப்படி வரிசைப்படுத்துவது மிக எளிது. அவ்வெளிமைக்குக் காரணம் ஒரு பெருந்துயரம். நாடக மேடையில் அவரோடு இணைந்து பாடிப் புகழ் பெற்றவரும் அவர் கணவருமான செங்கோட்டை கிட்டப்பா 1933 டிசம்பரில், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அப்போது அம்மையாருக்கு அகவை இருபத்தைந்து. அன்று முதல் 1980-இல் தாம் மறையும் வரை, வண்ணப் புடைவையும் அணிகலனும் துறந்து, வெள்ளை உடையும் திருநீறுமாகவே வாழ்ந்தார். எனவே கரைபோட்ட புடைவையும் நகையுமாக அவரைக் காட்டும் படம், வேடம் புனைந்ததாக இல்லாவிட்டால், 1933-க்கு முற்பட்டது. எங்கள் பெட்டியில் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது. சட்டமிட்ட படம். அதில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். 'ஔவையார்' படத்தில் மட்டுமே அவரைக் கண்டு பழகிய எங்களுக்கு, அம்முகத்தை அடையாளம் காண நெடுநேரம் ஆயிற்று.

பெயர் இருந்தாலும் இடர் தீர்வதில்லை. ஓர் உறையின்மேல் 'டி. ஆர். மகாலிங்கம்' என்று எழுதியிருந்தது. உள்ளே இரண்டு படங்கள். இரண்டும் வெவ்வேறு ஆட்கள். கணக்கர் தவறு செய்தார் என்று எண்ணினோம். அவர் தவறவில்லை. ஒருவர் புல்லாங்குழலில் மேதையான திருவிடைமருதூர் மகாலிங்கம், மாலி என்று அன்பர்கள் அழைத்தவர். மற்றவர் சோழவந்தான் பக்கத்துத் தென்கரையில் பிறந்த நடிகரும் பாடகருமான மகாலிங்கம். தலைப்பெழுத்தும் பெயரும் ஒன்றே. காலமும் ஏறத்தாழ ஒன்றே. இவ்வாறே 'மணி ஐயர்' என்று மட்டும் எழுதியிருந்தால் பாடகர் மதுரை மணி ஐயரா, மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயரா? இருவரும் 1912-இல் பிறந்தவர்கள். ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்லும் நம் முன்னோர் வழக்கம் வீண் வழக்கம் அன்று என்பதை அன்று கண்டேன்.

இனி என் தவற்றைச் சொல்லியாக வேண்டும். பெட்டியில் கண்ட கச்சேரிப் படம் ஒன்றில், மிருதங்கம் வாசிப்பவர் இடக்கையால் வலந்தலையை முழக்கிக்கொண்டிருந்தார். பாடுவோரின் வலப்புறத்தில் மிருதங்கமும் இடப்புறத்தில் வயலினும் அமர்வது நம் மேடையின் பெருவழக்கு. அப்போதுதான் வலந்தலை அவையை நோக்கி இருக்கும். இப்படத்தில் இருவரும் இடம் மாறி அமர்ந்திருந்தனர். எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைப் பழக்கம் உடையவர். அவருக்காக வயலின்காரர் இடம் மாறி அமர வேண்டியிருந்தது. அதற்கு இணங்காதவர்களும் அன்று இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற பெருந்தகையாளர் அவரை உடன் அமர்த்தி ஊக்கினார்கள். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். ஆகவே 'பழனி' என்று படத்தின் பின்னே எழுதினேன், பேனாவினால் எழுதினேன்.

சில வாரங்களுக்குப் பின் ஒரு பள்ளியில் இசை வரலாறு பற்றிப் பேச அழைத்திருந்தனர். அப்படத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டி, இடக்கை மிருதங்கத்தின் கதையை உருக்கமாகச் சொன்னேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, வயலின் வாசிப்பவரும் இடக்கையில்தானே வில்லைப் பிடித்திருக்கிறார்?" என்றாள். திரும்பிப் பார்த்தேன். ஆம், இடக்கையில்தான். பாடுபவரின் சட்டைப் பொத்தான்களும் எதிர்ப்புறமாக மூடியிருந்தன. படச்சுருளைத் தலைகீழ்ப் புறமாக வைத்து அச்சிட்டதால், கண்ணாடியில் தோன்றுவதுபோல் இடம் வலமாகியிருந்தது! அந்த மிருதங்கக்காரர் வலக்கைப் பழக்கம் உள்ள வேறொருவர். முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்க்கு 'உற்று நோக்குங்கள்' என்று சொல்லிவந்த நான், ஒருவரையே உற்று நோக்கி, அருகிலிருந்தவரைப் பார்க்காமல் விட்டேன். எனக்கு விருப்பமான கதை ஒன்று முன்கூட்டியே என்னிடம் இருந்ததுதான் காரணம். அவைக்கு முன்னாலேயே அம்மாணவிக்கு நன்றி சொன்னேன். பேனா எழுத்து மட்டும் படத்தின் பின்புறத்தில் இன்றும் இருக்கிறது. அடித்துத் திருத்தி, திருத்திய நாளையும் குறித்திருக்கிறேன்.

அப்படியானால் நினைவை நம்பலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். நாகசுரக் குடும்பத்து நண்பர், பாகவதர் படம் வந்தபோதெல்லாம், தாம் 1961-இல் ஒரு கோயில் திருவிழாவில் அவர் பாடக் கேட்டதாகச் சொல்வார். தியாகராஜ பாகவதர் மறைந்தது 1959 நவம்பர் முதல் நாள். அஞ்சலக நண்பர் அதனைச் சுட்டிக்காட்ட, இருவருக்கும் பேச்சு முற்றிவிட்டது. பிறகு மெல்ல வினவினேன். அந்த ஆண்டு நீங்கள் என்ன படித்துக்கொண்டிருந்தீர்கள்? பள்ளி இறுதித் தேர்வு. தேர்வுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தோம்: 1957. கச்சேரியைப் பற்றி வேறு என்ன நினைவிருக்கிறது என்றேன். சவ்வாதின் மணம் முதல் வரிசை வரை வந்ததையும், யாரோ ஒருவர் பாகவதரின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்ததையும் சொன்னார். பாகவதருக்குக் கடைசி ஆண்டுகளில் பார்வை குன்றியிருந்தது என்பது அறிந்த செய்தி. பதினாறு வயதுச் சிறுவன் அதன் காரணம் அறியாமலே அக்காட்சியை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நெஞ்சில் வைத்திருந்தான். ஆண்டு பிழை; கண்டது பிழையன்று. ஆண்டு பிழைத்ததற்காக அவரைப் பொய்யர் என்று தள்ளியிருந்தால், கைப்பிடித்து வந்த காட்சியையும் இழந்திருப்போம்.

படமே இல்லாத பெரியோரும் இருக்கிறார்கள். ஒளிப்படக் கலை பிரெஞ்சு நாட்டில் 1839-இல் வெளிப்பட்டது. தியாகராச சுவாமிகள் 1847-இல் திருவையாற்றில் சித்தியடைந்தார். அவரை எவரும் படம் எடுக்கவில்லை. நம் பூசையறைகளில் உள்ள மும்மூர்த்திகளின் திருவுருவங்களில் பெரிதும் பரவியவை, பாடகரும் ஓவியருமான எஸ். இராஜம் (1919–2010) தீட்டியவை. அவற்றைக் கண்டவுடன் 'இவர் தியாகராசர், இவர் தீட்சிதர்' என்று குழந்தையும் சொல்லும். எடுக்காத படத்தை அடையாளம் காண்கிறோம். எடுத்த படத்தின் பெயரை மறந்துவிடுகிறோம். இது எனக்கு விந்தையாகவே இருக்கிறது.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய பெட்டி இருக்கக்கூடும். ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்க்காதீர்கள். பின்பக்கம் கிழிந்து, அங்கே எழுத்து இருந்தால் அதுவும் போய்விடும். மையால் எழுதாதீர்கள், அது முன்புறம் ஊறும். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பெயர் மட்டும் போதாது. அப்பெயரைச் சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். ஐயமானால் வினாக்குறி இடுங்கள். வினாக்குறி இடுவது இழுக்கன்று.

கடைசியாக ஒரு படம். பெண்கள் கச்சேரி ஒன்று. முன்னே பாடுபவரை அனைவரும் ஒரு நொடியில் அறிந்துகொண்டோம். ஆதலால் அவரைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. அவருக்குப் பின்னே, பாதி நிழலில், தம்புராவை அணைத்தபடி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். வயது பதினெட்டு இருக்கலாம். 'தம்புராக்காரி' என்று சொல்லிப் படத்தை அடுத்தவரிடம் நகர்த்தினோம். என் நண்பரின் தாயார் கை நீட்டி வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இவளை எனக்குத் தெரியும்," என்றார். "எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் இருந்தாள். முன்னால் பாடுகிறாளே, இவளுக்கு மேல் ஸ்தாயியில் மூச்சு நிற்காது. அங்கேயெல்லாம் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தவள் இவள்தான். சபையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்த எங்களுக்குத் தெரியும்."

பெயர் என்ன என்று கேட்டோம். நினைவுக்கு வரவில்லை. 'கோ' என்று தொடங்கும் என்றார். நாங்கள் அறிந்த பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்து மறுத்தார். அடுத்த ஞாயிறு வருவதற்குள் நினைவு வந்துவிடும், வந்தவுடன் மகனிடம் சொல்லி எழுதி வைக்கிறேன் என்றார். மூன்று ஞாயிறுகள் அவ்வாறே சென்றன. அந்த ஐப்பசியில் அவர் காலமானார்.

படத்தின் பின்னே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: 'தம்புரா. கும்பகோணம். மேல் ஸ்தாயி பாடியவர். கோ—?'

அதன்கீழ், சொன்னவர் யார் என்பதும், நாளும்.